மிக்சரிலிருந்து மல்டிடிராக் ரெக்கார்டருக்கு: வீட்டில் ஒலிப்பதிவு செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தைப்பூசத்துக்கு முன் உறுமிக் குழுக்கள், தீபாவளிக்கு முன் தனிப்பாடல் வெளியிடுகிறவர்கள், ஆண்டு முழுக்க பஜனைக் குழுக்கள் என்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீட்டிலேயே பதிவு செய்கிறவர்கள் பலர். பெரும்பாலும் மேடைக்கு வாங்கிய மிக்சர் ஏற்கெனவே இருக்கும். ஒவ்வொரு ஒலியையும் தனித்தனி டிராக்காக, அதாவது தனி ஒலித்தடமாக, பதியும் மல்டிடிராக் ரெக்கார்டர்தான் புதிதாக வந்து சேரும். இங்குள்ள பதில்கள் சாதாரண அனலாக் மிக்சரை வைத்து எழுதப்பட்டவை. யுஎஸ்பி மிக்சருக்குத் தனிக் கேள்வி உண்டு.

ரெக்கார்டரிலேயே மைக்கைச் செருகலாமே, நடுவில் மிக்சர் எதற்கு?

பல வீடுகளில் எதற்கும் இல்லை. டாஸ்காம் டிபி-24எஸ்டி, ஸூம் ஆர்16 போன்றவற்றில் ஒரே நேரத்தில் 8 உள்ளீடுகளைப் பதிவு செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. மூன்று பேர் பாடி வாசிக்க இதுவே போதும். வழியில் மிக்சரை நுழைத்தால் இன்னொரு கெயின் (சிக்னலைப் பெரிதாக்கும் அளவு), இன்னொரு கேபிள், இரைச்சல் நுழைய இன்னொரு வாசல். கையில் இருக்கிறதே என்பதற்காக மிக்சரைச் சேர்க்காதீர்கள்.

மிக்சர் உண்மையில் உதவும் இடங்கள் வேறு. ரெக்கார்டரில் உள்ளீடு குறைவாக இருந்து, நான்கு கோரஸ் மைக்குகளை ஒன்றாக்கி ஒரே டிராக்கில் அடக்க வேண்டும். வெளியிலிருந்து மின்சாரம் வேண்டிய கண்டென்சர் மைக்குகள் அதிகம், ரெக்கார்டரிலோ எல்லா உள்ளீட்டிலும் அந்த 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேண்டம், இல்லை. அல்லது வாசிப்பவர்களுக்குத் தனித்தனி ஹெட்போன் கலவை வேண்டும். இவற்றில் ஒன்றாவது பொருந்தினால் மேலே படியுங்கள்.

என்னுடையது 12 சேனல் மிக்சர். அப்படியானால் 12 டிராக் தனித்தனியாகப் பதிவாகுமா?

ஆகாது. டிராக் எத்தனை என்பதை முடிவு செய்வது மிக்சருக்குள் எத்தனை நுழைகிறது என்பதல்ல, எத்தனை வழியாக வெளியே வருகிறது என்பதுதான். மெயின் அவுட்டில் 12 சேனலும் கலந்து, இடம் வலம் என்று இரண்டே கம்பிகளாக வெளியேறும். அதை 24 டிராக் ரெக்கார்டரில் செருகினாலும் கிடைப்பது இரண்டு டிராக்தான். அப்புறம் வயலினை மட்டும் குறைக்க வழியில்லை.

ஆகவே ரெக்கார்டர் வாங்கும் முன் மிக்சரைத் திருப்பிப் பின்பக்கத்தை எண்ணுங்கள். மேக்கி 1202-விஎல்ஸி வகைச் சிறிய மிக்சரை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு மைக் சேனல்களுக்கு இன்சர்ட் துளை (சேனலின் சிக்னலை வெளியே எடுத்துத் திரும்பச் சேர்க்கும் துளை) உண்டு: நான்கு வழி. ஆல்ட் 3-4, அதாவது மெயினுக்கு மாற்றான வெளியீடு: இரண்டு. மெயின்: இரண்டு. மொத்தம் எட்டு. இன்சர்ட்டில் எடுக்கும் நான்கு சேனல்களின் அளவைக் கீழே இறக்கிவிட்டால் அவை மெயினில் கலக்காது; மெயினையும் ஆல்ட்டையும் மற்ற ஸ்டீரியோ சேனல்களுக்குப் பயன்படுத்தலாம். பார்க்கச் சின்னப் பெட்டி. எட்டு டிராக் கொடுத்துவிடும். இதைவிடப் பெரிதாக இருந்தும் இன்சர்ட்டோ, சில சேனல்களை மட்டும் சேர்த்து அனுப்பும் குரூப்போ இல்லாத மேடை மிக்சர்கள் கடைகளில் நிறைய. அவற்றில் சேனல் எத்தனை இருந்தாலும் மெயின் இரண்டு, ஆக்ஸ் (துணைக் கலவைக்கான வெளியீடு) ஒன்றிரண்டு, அவ்வளவுதான்.

எந்த வெளியீட்டிலிருந்து எடுப்பது நல்லது?

டைரக்ட் அவுட் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். ஒரு சேனல், ஒரு கம்பி, ஒரு டிராக். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: அது, சேனலின் அளவை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால், ஹெட்போனில் யாரோ ‘குரலைக் குறைங்க’ என்று கேட்டு ஃபேடரை இறக்கும்போது பதிவிலும் குரல் இறங்கிவிடும்.

அடுத்தது இன்சர்ட். பெரும்பாலான மிக்சர்களில் இது கெயினுக்குப் பின், ஈக்யூவுக்கும் (தொனியைத் திருத்தும் குமிழிகள்) ஃபேடருக்கும் முன். அதனால் பதிவில் விழுவது மைக்கும் கெயினும் மட்டும். மிக்சரில் ஈக்யூவைத் திருப்பினாலும் டிராக் மாறாது. பதிவுக்கு இதுதான் வேண்டியது.

குரூப் வெளியீடு பலவற்றைச் சேர்த்து அனுப்ப. சேனலில் ‘1-2’ பொத்தானை அழுத்தி, ஒலியை இடம் வலம் நகர்த்தும் ‘பேன்’ குமிழியை முழுக்க இடப்பக்கம் திருப்பினால் குரூப் 1, வலப்பக்கம் திருப்பினால் குரூப் 2. பேன் நடுவில் இருந்தால் இரண்டுக்கும் போகும். ‘இரண்டு டிராக்கிலும் ஒரே சத்தம்’ என்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். அதே சேனலில் மெயினுக்கு அனுப்பும் ‘எல்-ஆர்’ பொத்தானை விடுவிக்கவும் மறக்காதீர்கள்.

ஆல்ட் 3-4 உள்ள மிக்சரில் மியூட் பொத்தானை அழுத்தினால் சேனல் மெயினிலிருந்து விலகி ஆல்ட்டுக்குப் போகும். ஆகப் பதிவாக வேண்டியவற்றுக்கு மியூட்டை அழுத்துவது முதலில் தலைகீழாகத் தோன்றும், பழகிவிடும்.

ஆக்ஸ் சென்ட் கடைசிப் புகலிடம். ஃபேடருக்கு முந்தைய ஆக்ஸில் ஒரே ஒரு சேனலை மட்டும் திறந்து, மற்ற சேனல்களில் அந்த ஆக்ஸை முழுக்க மூடினால் அது ஒரு தனி டிராக். ஆனால் அப்புறம் அந்த ஆக்ஸை ஹெட்போன் கலவைக்குப் பயன்படுத்த முடியாது.

இன்சர்ட்டிலிருந்து எடுக்க எந்தக் கேபிள்?

இன்சர்ட் துளை ஒரே ஜாக்கில் போகவும் வரவும் செய்கிறது. வழக்கமாக நுனியில் வெளியே போகும் சிக்னல், வளையத்தில் திரும்பி வரும் சிக்னல், உடலில் தரை. (சில பழைய மிக்சர்களில் நுனியும் வளையமும் இடம் மாறியிருக்கும், கையேட்டில் ஒரு வரி பார்த்தால் போதும்.)

சாதாரண மோனோ கேபிளை முழுக்க அழுத்திச் செருகினால் வளையம் தரையோடு சேர்ந்துவிடும். ரெக்கார்டருக்குச் சத்தம் போகும். மிக்சரில் அந்தச் சேனல் ஊமையாகிவிடும். ரெக்கார்டர் வழியாகவே கேட்கப்போகிறீர்கள் என்றால் இதுவே போதும்.

மிக்சரிலும் கேட்க வேண்டுமானால், சில மிக்சர்களில் மோனோ பிளக்கை முதல் ‘கிளிக்’ வரை மட்டும் செருகும் தந்திரம் வேலை செய்யும். ஆனால் பாதியில் தொங்கும் பிளக்கை யாராவது கால் தட்டினால் பதிவின் நடுவே கரகரப்பு. எனவே நாமே பற்றவைப்பது மேல். மிக்சர் பக்கத்துக்கு ஒரு ஸ்டீரியோ டிஆர்எஸ் பிளக் (நுனி, வளையம், உடல் மூன்றும் உள்ளது), ரெக்கார்டர் பக்கத்துக்கு ஒரு மோனோ பிளக், நடுவே இரண்டு மீட்டர் கவசக் கம்பி. டிஆர்எஸ் பிளக்கின் நுனியையும் வளையத்தையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அங்கே உள்கம்பியைப் பற்றவையுங்கள். கவசம் உடலுக்கு. மறுமுனையில் உள்கம்பி நுனிக்கு, கவசம் உடலுக்கு. போகும் சிக்னல் அங்கேயே திரும்பிவிடுவதால் மிக்சரில் சேனல் சாகாது. ஒரு கிளை ரெக்கார்டருக்குப் போகும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பாசார் கடைகளில் பிளக், கம்பி, ஈயம் எல்லாம் ஒரே சாலையில் கிடைக்கும்.

இன்சர்ட் சிக்னல் பேலன்ஸ்டு (இரைச்சல் கழிந்துபோக இரு உள்கம்பிகளில் அனுப்புவது) இல்லை. கம்பியை மூன்று மீட்டருக்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி.

மற்ற வெளியீடுகளுக்கு?

குரூப், மெயின், ஆல்ட் வெளியீடு பேலன்ஸ்டு என்றால் இரு முனையும் டிஆர்எஸ் உள்ள கேபிள். மிக்சரில் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளில் வரும் மூன்று பின் இணைப்பு) மட்டும் இருந்தால் எக்ஸ்எல்ஆர்-டிஆர்எஸ் கேபிள்: பின் 1 கவசம், பின் 2 நுனி, பின் 3 வளையம்.

ரெக்கார்டரில் எக்ஸ்எல்ஆரும் ஜாக்கும் சேர்ந்த காம்போ துளை இருந்தால், மிக்சரிலிருந்து வருவதை ஜாக் வழியாகவே செருகுங்கள். பல கருவிகளில் எக்ஸ்எல்ஆர் மைக் ப்ரீஆம்புக்குப் போகும், ஜாக் லைன் அளவுக்கு, அதாவது மிக்சர் தரும் பெரிய சிக்னலுக்கு, ஏற்றது. எக்ஸ்எல்ஆரில் கொடுத்தால் இரண்டு ஆபத்து. ஒன்று, ஏற்கெனவே பெரிதாக்கிய சிக்னலை மறுபடி பெரிதாக்கிக் கிழித்துவிடும். இரண்டு, ரெக்கார்டரில் ஃபேண்டம் போட்டிருந்தால் 48 வோல்ட் திரும்பி மிக்சரின் வெளியீட்டுக்குள் ஏறும். அதைத் தாங்காத மிக்சர்கள் உண்டு. கண்டென்சர் மைக்குக்கு ஃபேண்டம் மிக்சரிலிருந்து. ரெக்கார்டரில் அணைத்தே இருக்கட்டும்.

மிக்சரின் ஹெட்போன் துளையிலிருந்து ரெக்கார்டருக்குக் கொடுத்தேன். இசை வருகிறது, பாட்டுக் குரல் மட்டும் காணோம்.

டிஆர்எஸ் கேபிள் பார்க்க ஒன்றுதான், வேலை இரண்டு. ஹெட்போன் துளையில் நுனி இடது, வளையம் வலது. ரெக்கார்டரின் பேலன்ஸ்டு உள்ளீடோ நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழிக்கும். இரு பக்கமும் சமமாக இருப்பவை, அதாவது பேன் நடுவில் உள்ள குரல், கழிந்து மறைந்துவிடும். ஓரத்தில் உள்ளவை மட்டும் மிஞ்சும். ஒரு ஸ்டீரியோ பிளக்கிலிருந்து இரண்டு மோனோ பிளக் பிரியும் கேபிளை வைத்து இரண்டு உள்ளீடுகளுக்குக் கொடுத்தால் குரல் திரும்பும். ஹெட்போன் ஆம்பை வழியில் சேர்க்காமல் மெயின் அவுட்டிலிருந்து எடுப்பது அதைவிடச் சுத்தம்.

லெவலை எப்படிச் சரிசெய்வது? மிக்சரில் பச்சை, ரெக்கார்டரில் சிவப்பு.

இரண்டு மீட்டர்களும் ஒன்றையே அளக்கவில்லை. மிக்சரில் 0 என்பது வழக்கமான வேலை அளவு. அதற்கு மேலும் நிறைய இடம் உண்டு. ரெக்கார்டரில் 0 என்பது சுவர். அதைத் தொட்டால் அலை வெட்டுப்படும், பிறகு எந்தக் கருவியாலும் ஒழுங்காக ஒட்ட முடியாது.

இரண்டையும் ஒருமுறை பொருத்திக்கொண்டால் அப்புறம் தொல்லை இல்லை. கீபோர்டில் ஆர்கன் போன்று தேயாத ஒலியைத் தேர்ந்து ஒரு சுரத்தை அழுத்திப் பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள். சேனல் ஃபேடர் 0 அல்லது ‘யு’ குறியில், குரூப் ஃபேடர் 0-வில். கெயினை மட்டும் திருப்பி மிக்சர் மீட்டரை 0-வுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மிக்சரைத் தொடாமல், ரெக்கார்டரின் டிரிம் (உள்ளீட்டு அளவு) குமிழியைத் திருப்பி அதன் மீட்டர் -18-இல் நிற்கும்படி செய்யுங்கள். அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

அதன்பின் பாடகர், வாத்தியம் எல்லாவற்றுக்கும் மிக்சர் கெயின்தான் ஒரே குமிழி. பாட்டின் உச்சத்தைப் பாடச் சொல்லுங்கள். ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்பதை வைத்துக் கெயின் பிடித்தால் சரணத்தில் வெடிக்கும். உச்சம் ரெக்கார்டரில் -10 அருகே நின்றால் போதும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது 0-வுக்கு ஒட்டி ஏற்றுவதால் எந்த லாபமும் இல்லை.

டிரிம்மை முழுக்க மூடியும் சிவப்பு எரிந்தால் நீங்கள் மைக் உள்ளீட்டில் இருக்கிறீர்கள், அல்லது ரெக்கார்டரின் உள்ளீடு -10 டிபிவி அளவுக்கானது. தொழில்முறை அளவான +4 டிபியு 1.23 வோல்ட், வீட்டு ஆடியோ அளவான -10 டிபிவி 0.316 வோல்ட். இடைவெளி ஏறக்குறைய 12 டெசிபல். லைன், மைக் மாற்றும் சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் குரூப் ஃபேடரை 12 டெசிபல் இறக்குங்கள். தலைகீழாக, டிரிம் பாதிக்கு மேல் போயும் சத்தம் போதவில்லை என்றால் மிக்சரில் எங்கோ ஒரு ஃபேடர் கீழே கிடக்கிறது.

‘ம்ம்ம்’ என்று ஓர் ஓயாத இரைச்சல். எங்கிருந்து?

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடித்தொண்டையில் முனகுவது போன்ற ஒலி அந்த 50-உம் அதன் மடங்கான 100-உம். மிக்சரும் ரெக்கார்டரும் வெவ்வேறு சுவர்த் துளைகளில் செருகப்பட்டு, எர்த் வழியாக ஒரு முறையும் ஆடியோ கேபிளின் கவசம் வழியாக ஒரு முறையும் இணைந்தால் ஒரு வளையம் உருவாகும். அதில் ஓடும் சிறு மின்னோட்டம் ஒலியாகக் கேட்கிறது.

முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்த் துளையிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். அந்த எக்ஸ்டென்ஷனில் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கட்டும். மிக்சரும் ரெக்கார்டரும் சேர்ந்து இழுப்பது சிறு மின்சாரம்தான், ஆனால் அதே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலைச் செருகாதீர்கள். பிறகும் இரைந்தால் ஆடியோ கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அதுதான் வழி. மடிக்கணினி இணைந்திருந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பல வீடுகளில் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். குற்றவாளிக் கேபிள் பேலன்ஸ்டு அல்ல என்றால் பேலன்ஸ்டாக மாற்றுங்கள். முடியாவிட்டால் நடுவில் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்.

மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வேலை செய்யாதபடி ஆக்குவது தீர்வல்ல. இரைச்சல் நிற்கலாம், கருவிக்குள் பழுது வரும் நாளில் மைக்கில் வாய் வைத்துப் பாடுகிறவரின் உடல்தான் எர்த் ஆகும். பழைய வரிசை வீடுகளில் எர்த்தே சரியாக இல்லை என்ற சந்தேகம் இருந்தால் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள்.

முனகலாக இல்லாமல் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று கூர்மையாக இருந்தால் மேலே பாருங்கள்: கூரைக் காற்றாடியின் ரெகுலேட்டர், விளக்கின் டிம்மர். அவற்றை அணைத்தால் போய்விடும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு வேறு அறையில் வையுங்கள்.

ரெக்கார்டரைத் திரும்ப மிக்சரில் கேட்கப் போனால் காது கிழிய ஊளையிடுகிறது.

ரெக்கார்டரின் வெளியீட்டை ஒரு சேனலில் செருகியிருப்பீர்கள். அந்தச் சேனல் குரூப் 1-2-க்கும் போகிறது. குரூப் 1-2 மறுபடி ரெக்கார்டருக்கு. சிக்னல் தன் வாலையே விழுங்கிச் சுற்றுகிறது. திரும்பி வரும் சேனலில் குரூப் பொத்தான்களையும் ரெக்கார்டருக்குப் போகும் ஆக்ஸையும் மூடி, எல்-ஆர் மட்டும் விடுங்கள். டேப் இன் அல்லது 2டிராக் இன் என்று தனித் துளை இருந்தால் அதில் கொடுப்பது பாதுகாப்பானது, அதைக் கேட்பதற்கென்றே உள்ள கன்ட்ரோல் ரூம் வெளியீடு வழியாக மட்டும் கேளுங்கள். மெயின் அவுட்டையே பதிவுக்கு அனுப்புகிறவர்கள் மிக்சர் வழியாகக் கேட்கும் ஆசையை விட்டுவிட்டு ரெக்கார்டரின் ஹெட்போன் துளையைப் பயன்படுத்த வேண்டும்.

பாடும்போது என் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. பதிவில் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரே குரல் இரண்டு வழியாகக் காதுக்கு வருகிறது: மிக்சரிலிருந்து உடனடியாக, ரெக்கார்டருக்குள் டிஜிட்டலாகி வெளிவந்து சில மில்லிவினாடி தாமதமாக. இரண்டும் மோதிச் சில அதிர்வெண்கள் அழிகின்றன. ஒரு வழியை மூடுங்கள். மிக்சரில் கேட்பதானால் ரெக்கார்டரில் பதிவாகும் டிராக்கின் இன்புட் மானிட்டரை (உள்ளே வருவதை அப்படியே கேட்கவைப்பது) அணையுங்கள். முன்பு பதிவான டிராக்குகள் மட்டும் அங்கிருந்து வரட்டும்.

மிருதங்கம், உறுமி: ஒன்றுக்கு எத்தனை டிராக்?

மிருதங்கத்துக்கு இரண்டு. வலந்தலைக்கு (வலது முகம்) ஒரு மைக், தொப்பிக்கு (இடது முகம்) ஒரு மைக், தோலிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வாசிப்பவரின் கை மோதாத கோணத்தில். டிராக் பற்றாக்குறை என்றால் முன்பக்கம் முக்கால் மீட்டர் தள்ளி ஒரே மைக். அறை நன்றாக இருந்தால் அது இரண்டு மைக்கைவிட இயல்பாகவே கேட்கும்.

இரண்டு மைக் வைக்கும்போது ஒன்றைச் சோதிக்காமல் பதிவைத் தொடங்காதீர்கள். எதிரெதிர் முகங்களைப் பார்க்கும் மைக்குகளுக்கு ஒரே அடி எதிரெதிர் திசையில் போய்ச் சேரும். ஒரு முகம் உள்ளே அமுங்கும்போது மறுமுகம் வெளியே தள்ளப்படுகிறது. இரண்டையும் சேர்த்தால் தொப்பியின் அடித்தட்டு ஒலி மெலிந்துவிடும். மிக்சரில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தான் இருந்தால் ஒரு சேனலில் அழுத்தி, இரண்டையும் பேன் நடுவில் வைத்து ஒப்பிட்டுக் கேளுங்கள். எதில் ‘தொம்’ கனமாக விழுகிறதோ அது. பொத்தான் இல்லையென்றால் பின் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் பற்றவைத்த ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள் செய்து, அதில் சிவப்பு டேப் சுற்றிவையுங்கள். டேப் சுற்றாவிட்டால் ஆறு மாதம் கழித்து அது வேறெங்கோ செருகப்பட்டுப் புதிய மர்மம் ஒன்றைக் கிளப்பும்.

உறுமியிலும் இரண்டு முகமும் இரண்டு வேலை: ஒன்று உரசப்படுகிறது, மற்றது அடிக்கப்படுகிறது. குழுவில் இரண்டு உறுமி, ஒரு தவில், ஜால்ரா, முன்பாட்டு, கோரஸ் இருந்து எட்டு டிராக் உள்ளது என்றால், ஓர் உறுமிக்கு மட்டும் இரண்டு டிராக் கொடுங்கள், மற்றதற்கு ஒன்று. தவிலுக்கு இரண்டு, முன்பாட்டுக்கு ஒன்று. கோரஸ் மைக்குகள் எல்லாம் குரூப்பில் சேர்ந்து ஒன்று. எட்டாவதை அறையின் மூலையில் ஒரு மைக்குக்கு வையுங்கள். தாளம் போடுகிற கூட்டத்தின் உடல் அதில்தான் இருக்கிறது. ஜால்ராவுக்கு மைக்கே வேண்டாம். எல்லா மைக்கிலும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும், அதைக் குறைப்பதுதான் பாடு. ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் இந்தச் சத்தத்தைத் தாங்கும். கெயினை மிக்சரில் கிட்டத்தட்ட மூடியே வைத்திருக்க வேண்டி வரும். அதற்கும் சிவப்பு எரிந்தால் சிக்னலைக் குறைக்கும் பேட் பொத்தானை அழுத்துங்கள்.

ஒரு மைக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும்.

என் ரெக்கார்டரில் இரண்டே உள்ளீடு. ஐந்து பேர் பஜனை. முடியுமா?

ஸூம் ஆர்8, டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் எல்லாம் ஒரு நேரத்தில் இரண்டுதான் எடுக்கும். இரண்டு வழி உண்டு. எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும் என்றால் மிக்சரில் பிரித்துவிடுங்கள்: குரல்கள் எல்லாம் குரூப் 1, வாத்தியங்கள் எல்லாம் குரூப் 2. பிறகு குரலையும் வாத்தியத்தையும் ஒன்றுக்கொன்று ஏற்றி இறக்கலாம். குரல்களுக்குள் மாற்ற முடியாது. ஆகவே இரண்டு நிமிடம் பதிந்து, திருப்பிக் கேட்டு, மைக் தூரத்தைத் திருத்திய பின்தான் உண்மைப் பதிவு.

அடுக்கடுக்காக எடுக்கலாம் என்றால் முதலில் ஸ்ருதிப் பெட்டி ஒரு டிராக்கில், தாளத்துக்கு மெட்ரோனோம் ஒரு டிராக்கில். அப்புறம் ஆர்மோனியம், மிருதங்கம், கடைசியில் குரல். மெட்ரோனோம் ஹெட்போனிலிருந்து கசிந்து குரல் மைக்கில் விழும். காதை முழுக்க மூடும் ஹெட்போன் வேண்டும். ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு பாடும் பழக்கம் உள்ளவர்கள் மற்ற பக்கத்தைக் கன்னத்தோடு அழுத்திக்கொள்ளட்டும்.

என் மிக்சரில் யுஎஸ்பி இருக்கிறது. ரெக்கார்டரே வேண்டாம்தானே?

எத்தனை வழி யுஎஸ்பி என்று பாருங்கள். யமஹா எம்ஜி10எக்ஸ்யு போன்றவை கணினிக்கு அனுப்புவது இரண்டே வழி, அதாவது கலந்து முடிந்த ஸ்டீரியோ. தனித்தனியாக வேண்டுமென்றால் பெட்டியில் மல்டிடிராக் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். பெரிங்கர் எக்ஸ்ஆர்18 கணினிக்கு 18 வழி அனுப்பும். டாஸ்காம் மாடல் 12, ஸூம் எல்-12 ஆகியவை மிக்சரும் எஸ்டி கார்டு ரெக்கார்டரும் ஒரே பெட்டியில். மாடல் 12-இல் பத்து உள்ளீடும் மெயின் இரண்டும் சேர்ந்து 12 டிராக். புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு எங்கள் கருத்து இந்த வகைதான். மேலே சொன்ன கேபிள் வேலை பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

பதிவான டிராக்குகளை மிக்சர் வழியாகவே கலக்க முடியுமா?

ரெக்கார்டரில் டிராக்குக்கு ஒரு வெளியீடு இருந்தால் முடியும். பழைய அலெசிஸ் ஹெச்டி24-இல் 24 வெளியீடு உண்டு. இப்போதைய சிறு ரெக்கார்டர்களில் முக்கிய வெளியீடு இடம், வலம் இரண்டுதான். அவற்றில் பெட்டிக்குள்ளேயே கலக்கவும், அல்லது வேவ் கோப்புகளைக் கணினிக்கு எடுத்துச் செல்லவும்.

44.1 வைப்பதா, 48 வைப்பதா? கார்டு எவ்வளவு?

இது சாம்பிள் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது. பாட்டுக்கு 44.1, வீடியோவோடு சேர்வதானால் 48. எது வைத்தாலும் கடைசிவரை அதையே வையுங்கள். 48-இல் பதிந்ததை மாற்றாமல் 44.1 என்று எண்ணி ஓட்டினால் ஐந்து நிமிடப் பாட்டு ஐந்து நிமிடம் 27 வினாடி ஆகும், ஸ்ருதி முக்கால் கட்டை இறங்கிவிடும். ‘அன்றைக்கு ஐந்து கட்டையில்தானே பாடினேன்’ என்ற குழப்பத்தின் காரணம் இது.

24 பிட், 44.1-இல் ஒரு டிராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 மெகாபைட். எட்டு டிராக், ஐந்து நிமிடம் என்றால் 320 மெகாபைட். 32 ஜிகாபைட் கார்டில் அப்படி நூறு முறை எடுக்கலாம். கார்டைக் கணினியில் அல்ல, ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

ஏர்கான், மழை, ஈரப்பதம்?

ஏர்கான் ஓடினால் மைக்கில் விழும், அணைத்தால் வேர்க்கும். ஒரு மணி நேரம் முன்பே அறையைக் குளிரவைத்து, டேக் (ஒரு முறைப் பதிவு) எடுக்கும்போது மட்டும் அணையுங்கள். மிருதங்கத்தையும் அந்த ஒரு மணி நேரம் அதே அறையில் வையுங்கள். ஈரத்தில் தளர்ந்த தோல் ஏர்கானில் காய்ந்து இறுகும், ஸ்ருதி ஏறும். வந்தவுடன் ஸ்ருதி சேர்த்துவிட்டுப் பதிவைத் தொடங்கினால் மூன்றாவது பாட்டில் ஸ்ருதிப் பெட்டியோடு ஒட்டாது.

கண்டென்சர் மைக் ‘பட் பட்’ என்று வெடித்தால் பெரும்பாலும் ஈரம்தான். மூடி இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் உலர்த்தவோ மாற்றவோ வேண்டும்.

பிற்பகல் இடிமழைக்கு எந்தச் சர்ஜ் எக்ஸ்டென்ஷனையும் நம்ப வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் மிக அதிகம். முதல் இடி கேட்டதும் ஸ்பீக்கரை அணைத்து, ரெக்கார்டரில் பதிவை நிறுத்திச் சேமிப்பு முடியும்வரை காத்து, பிறகு எக்ஸ்டென்ஷன் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். கணினிக்கு வரும் இணைய வயரையும் கழற்றுங்கள். சேமிப்பு முடியும் முன் மின்சாரம் போனால் அந்த டேக் பெரும்பாலும் போனதுதான்.

எதை முதலில் போடுவது, எதை முதலில் அணைப்பது?

போடும்போது மிக்சர், ரெக்கார்டர், கடைசியில் ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். ஃபேண்டத்தை அணைத்து அரை நிமிடம் விட்ட பிறகே மைக்கைக் கழற்றுங்கள்.